20 கிலோ அரிசி, 2 கிலோ சீனி, 1 கிலோ பருப்பு

மதுரையில் மருந்துக் கடை வைத்திருப்பவனுக்கு ஊர் என்ன சாப்பிடுகிறது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. கல்லாவில் உட்கார்ந்தாலே தெரிந்துவிடும். தீபாவளிக்கு மறுநாள் காலையிலேயே கேஸ் மாத்திரை பறக்கும். சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் தீரும். முகூர்த்த மாதங்களில் யாராவது ஒருவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அண்ணே, இன்னிக்கு ஒரு விசேஷ வீடு. சுகர் மாத்திரைய ரெண்டாப் போட்டுக்கிறவா?" என்று கேட்பார். (போட்டுக்கொள்ளாதீர்கள். கிளிமிபிரைடு மாதிரியான மாத்திரையை இஷ்டத்துக்கு ஏற்றினால், பாயசமெல்லாம் செரித்த பிறகு நடு ராத்திரியில் சர்க்கரை தடாலென்று இறங்கி, வேர்த்துக் கொட்டி, ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டி வரும்.)

என் கடை கீழவாசலுக்குப் பக்கம். இரண்டு கடை தள்ளி ஒரு பரோட்டாக் கடை. இரவு ஒன்பதுக்கு மேல் இரண்டு கடைக்கும் ஏறக்குறைய ஒரே கூட்டம்தான். அங்கே சாப்பிட்டுவிட்டு இங்கே வருவார்கள், இல்லையென்றால் இங்கே வாங்கிக்கொண்டு அங்கே போவார்கள். மெட்ஃபார்மின் என்கிற சுகர் மாத்திரையைச் சாப்பாட்டோடு போடச் சொல்லியிருப்பார் டாக்டர். சாப்பாடு என்பது நாலு பரோட்டாவும் அதை முழுக்க நனைக்கிற சால்னாவும்.

வருகிறவர்கள் சும்மா வாங்கிக்கொண்டு போவதில்லை. செல்போனை நீட்டி, "இது நெசமாண்ணே?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் மூன்றே மூன்று செய்திதான் சுற்றிச் சுற்றி வரும். மைதாவில் அலாக்சான் கலக்கிறார்கள், அதனால்தான் சுகர். பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள். ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் அரிசி இருக்கிறது, தண்ணீரில் மிதக்கிறது பாருங்கள்.

அலாக்சான் என்று ஒரு பொருள் இருப்பது உண்மை. ஆராய்ச்சிக் கூடத்தில் எலிகளுக்கு அதை ஊசியில் ஏற்றி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்து, வேண்டுமென்றே சர்க்கரை நோயை வரவழைப்பார்கள். அதுவும் உண்மை. ஆனால் மைதாவில் அதை யாரும் கொட்டிக் கலப்பதில்லை. மாவை வெளுக்கிறபோது மிகச் சொற்பமாகத் தானாக உருவாகக்கூடும், அவ்வளவுதான். அதோடு, எலியின் கணையம் அதற்குப் பலியாகிற அளவுக்கு மனிதனின் கணையம் பலியாவதில்லை.

கோழிக்கும் ஹார்மோன் தேவையே இல்லை. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957-ஆம் வருஷத்து இனக் கோழியையும் 2005-ஆம் வருஷத்து பிராய்லரையும் ஒரே தீவனம் போட்டு வளர்த்துப் பார்த்தார்கள். 56-ஆவது நாளில் பழைய கோழி 905 கிராம், புதுக் கோழி 4,202 கிராம். ஊசி கிடையாது, எல்லாம் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து இனம் சேர்த்த வேலை. கோழி விஷயத்தில் கவலைப்பட ஒன்று இருக்கிறது, அது ஆன்டிபயாட்டிக். மனிதனுக்கு வேறெதுவும் கேட்காதபோது கடைசியாகக் கையில் எடுக்கிற கொலிஸ்டின் என்ற மருந்து கோழிப் பண்ணையில் வளர்ச்சிக்காகத் தீவனத்தோடு போய்க்கொண்டிருந்தது. 2019 ஜூலையில்தான் மத்திய அரசு அதைத் தடை செய்தது. அதைப் பற்றி ஒருவர்கூட என்னிடம் செல்போனை நீட்டியதில்லை.

பிளாஸ்டிக் அரிசி என்பது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவில் இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றையும் சேர்த்துப் பிசைந்து, அரிசி வடிவத்திலேயே அச்சிட்டு, நூறு கிலோ சாதா அரிசிக்கு ஒரு கிலோ என்று கலப்பது. அதனால் நிறம் கொஞ்சம் மாறியிருக்கும், சிலது மிதக்கும். பொறுக்கி எறிந்தால் இரும்புச் சத்தைத்தான் எறிகிறீர்கள்.

இப்படி ஒவ்வொன்றாகச் சொன்னால் முகத்தில் ஒரு ஏமாற்றம் தெரியும். விஷம் என்று ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும், கலந்தவன் மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். அப்படி ஒன்று இல்லை, எல்லாரும் பார்க்க வெளிச்சத்தில் நடக்கிற சமாசாரம்தான் இது என்றால் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது.

அந்தப் பரோட்டாக் கடையையே எடுத்துக்கொள்வோம். மாஸ்டர் மத்தியானம் மாவு பிசைய ஆரம்பிப்பார். மைதா, உப்பு, கொஞ்சம் சீனி, எண்ணெய், தண்ணீர். பிசைந்து ஈரத்துணி போட்டு மூடி ஊறவிட்டு, உருண்டை பிடித்து, உருண்டைகளின் மேல் எண்ணெயை ஊற்றி மறுபடியும் ஊறவிடுவார். சாயங்காலம் கல் காய்ந்ததும் ஒரு உருண்டையைப் பலகையில் தட்டி, ஓரத்தைப் பிடித்து வீசுவார். இரண்டாவது வீச்சில் அது பலகை முழுக்க விரிந்து, அடியில் இருக்கிற பலகையின் கீறல் தெரிகிற அளவுக்கு மெலிந்துவிடும். அதன் மேல் விரலால் எண்ணெய் தெளித்து, மடித்து, சுருட்டி வைப்பார். கல்லில் போட்ட பிறகு சுற்றிலும் ஒரு கரண்டி. வெந்ததும் நாலைந்தை அடுக்கி இரண்டு கையாலும் பக்கவாட்டில் ஓங்கி அடிப்பார், அடுக்கு அடுக்காகப் பிரியும். அந்த அடுக்கு வருவதே ஏட்டுக்கு ஏடு நடுவில் எண்ணெய் நிற்பதால்தான். "மாஸ்டர், எண்ணெய் கம்மியாப் போடுங்க" என்று சொல்கிறவர்களுக்கு அவர் தலையை ஆட்டிவிட்டு வழக்கம்போலத்தான் போடுவார். எண்ணெயைக் குறைத்தால் அது சப்பாத்தி.

ஒரு கிலோ மைதாவுக்கு 15, 16 பரோட்டா வரும் என்பது அவர் கணக்கு. அப்படியென்றால் ஒன்றுக்கு 65 கிராம் மைதா, 230 கலோரி. எண்ணெய் 10 கிராம் என்று தாராளம் இல்லாமல் வைத்தாலும் 90. ஆக ஒன்று 320. நாலு சாப்பிட்டால் 1,280, சால்னாவும் ஆம்லெட்டும் தனி. உட்கார்ந்து வேலை பார்க்கிற ஆணுக்கு நாள் முழுவதற்கும் போதுமானது 2,110 கலோரி என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் கணக்குச் சொல்லியிருக்கிறது. பாதிக்கு மேல் ராத்திரி பத்து மணிக்கு, இருபது நிமிஷத்தில் உள்ளே போய்விடுகிறது. ஒரே சாப்பாடு காலையில் ஏற்றுவதைவிட இரவில் சர்க்கரையை அதிகம் ஏற்றும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தூங்கப் போகிற நேரத்தில் உடம்பு இன்சுலின் வேலையை மெத்தனமாகத்தான் பார்க்கும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு "நாக்கைக் கட்டு" என்று உபதேசம் பண்ணுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. அங்கே நின்று சாப்பிடுகிறவர்களைப் பாருங்கள். கீழமாசி வீதியில் பகல் முழுக்க மூட்டை தூக்கினவர் ஒருத்தர். அவர் உடம்பு அந்த 1,280-ஐ எரித்துவிடும். அவருக்குப் பக்கத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், காலையிலிருந்து இடுப்பை அசைக்காதவர். அதற்கு அடுத்து ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிற பிள்ளைகள் இரண்டு பேர் பார்சலுக்கு நிற்கிறார்கள். ஒன்பதரைக்குக் கடையைச் சாத்தி, கடைசி பஸ்ஸைப் பிடித்து, வீட்டுக்குப் போய் எப்போது உலை வைப்பது? சூடாக, கை நிறைய, ருசியாக, கொடுக்கிற காசுக்கு வயிறு ரொம்ப, இந்த நேரத்தில் ஊரில் வேறு என்ன கிடைக்கிறது? இட்லிக் கடை இருக்கிறது, சரி. ஆனால் நாலு இட்லி சாப்பிட்டவனுக்கு ராத்திரி ஒரு மணிக்குப் பசிக்கும். தூங்கா நகரம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். தூங்காமல் வேலை பார்க்கிறவன் எதையாவது தின்றுதான் ஆக வேண்டும்.

பரோட்டா ஒரு காலத்தில் எப்போதாவது சாப்பிடுகிற பண்டம். பரோட்டா மட்டுமல்ல, இன்றைக்குத் தட்டில் விழுகிற அத்தனையும் அப்படித்தான். எங்கள் அப்பத்தாவுக்குப் பேரையூர்ப் பக்கம். பெரியாறு அணைத் தண்ணீர் 1895-இலிருந்து இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தாலும் அது பாய்ந்ததெல்லாம் சோழவந்தான், வாடிப்பட்டி, மேலூர் வயல்களில். பேரையூர், உசிலம்பட்டிப் பக்கத்து மேட்டுக் காடுகளுக்கு வானம் பார்த்ததுதான். குதிரைவாலி, சோளம், கம்பு. நெல்லுச்சோறு தீபாவளிக்கு, பொங்கலுக்கு, அப்புறம் யார் வீட்டிலாவது கல்யாணம் என்றால். இட்லியும் தோசையும்கூட அப்படித்தான். கறி குலசாமிக்குக் கிடாய் வெட்டினால் உண்டு. அப்பத்தா அந்தக் கதையைச் சொல்லும்போது ஒரு தரம்கூடக் குதிரைவாலியைப் புகழ்ந்து கேட்டதில்லை. நெல்லுச்சோற்றை நினைத்துக்கொண்டு படுத்த ராத்திரிகளைத்தான் சொல்லும்.

அதனால் "அந்தக் காலத்துல சுகராவது பிரஷராவது" என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். சுதந்திரம் வாங்கின சமயத்தில் இந்தியாவில் சராசரி ஆயுள் 32 வருஷம் போலத்தான். அதில் பாதி பிள்ளைச் சாவு என்றாலும், ஐம்பதில் வருகிற நோய் வருவதற்கு ஐம்பது வரை இருக்க வேண்டுமே. போதாததற்கு, நம்முடைய சாப்பாடு அன்றைக்கே நொண்டிதான் என்பதற்கு ஆதாரம் குன்னூரில் இருக்கிறது. ராபர்ட் மெக்கேரிசன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1918 முதல் அங்கே, கால் மரத்துத் துவண்டுபோகிற பெரிபெரி நோயை ஆராய ஒரு கூடம் வைத்திருந்தார். இந்தியாவின் பல பகுதி மக்கள் சாப்பிடுகிற சாப்பாட்டை எலிகளுக்குத் தனித்தனியாகப் போட்டு வளர்த்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பருப்பு, பால், கீரை என்று சீக்கியர் சாப்பாடு சாப்பிட்ட எலிகள் நன்றாகக் கொழுத்தன. அரிசியே கதி என்றிருந்த மதராஸ் சாப்பாட்டு எலிகள்தான் எல்லாவற்றிலும் எடை குறைந்தவை. அந்தக் கூடம்தான் 1958-இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

பெரிபெரி என்று சொன்னேன் இல்லையா, அது அரிசியோடு ஒட்டிய கதை. 1890-களில் ஜாவாவில் கிறிஸ்டியான் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர் கோழி வளர்த்துக்கொண்டிருந்தார். கோழிகளுக்குக் கால் துவண்டு விழுகிற நோய். ஆஸ்பத்திரிச் சமையலறையில் மிச்சமான வெள்ளைச் சோற்றைப் போட்டபோது வந்தது, தவிடு போகாத அரிசிக்கு மாற்றியதும் போனது. தவிட்டில் இருந்தது தயமின், அதாவது பி1. அதற்காக அவருக்கு 1929-இல் நோபல் பரிசில் பாதி கிடைத்தது. நம் ஊரில் புழுங்கல் அரிசி நம்மைக் கொஞ்சம் காப்பாற்றியது. நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கிற சத்தில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடும். பிறகு தீட்டினாலும் முழுக்கப் போகாது.

இப்போதைய மில்லில் நெல் உள்ளே போனால் ரப்பர் உருளை உமியை உரிக்கும், அடுத்தடுத்த எந்திரங்கள் தவிட்டையும் முளையையும் சுரண்டும், கடைசியில் பாலிஷ் போட்டு, கேமரா வைத்த எந்திரம் பழுப்பு அரிசியைத் தேடிப் பிடித்து ஊதித் தள்ளும். அந்தப் பழுப்புதான் நமக்கு வேண்டாதது. அப்பத்தா காலத்தில் உலக்கை எவ்வளவு குத்தினாலும் கொஞ்சம் தவிடு ஒட்டிக்கொண்டுதான் இருக்கும், கை வலிக்கு அதற்கு மேல் முடியாது. இன்றைக்குத் தவிடு எண்ணெய் மில்லுக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் போகிறது. பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையை என்னிடம் வாங்குகிறோம். எனக்கு வியாபாரம்தான், குறை சொல்லவில்லை.

அரிசியைவிடப் பெரிய விஷயம் அது தட்டில் எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது என்பது. எங்கள் பக்கம் எந்த வீட்டிலும் மத்தியானச் சாப்பாட்டைப் பாருங்கள். சோறு குன்றாக இருக்கும், வெஞ்சனம் ஓரத்தில் ஒரு கரண்டி. சாம்பாரில் பருப்பை விரலால் தேட வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இந்தியாப் என்ற பெரிய ஆய்வு இதைத்தான் எண்ணாகச் சொல்கிறது. நாம் சாப்பிடுகிற கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து, புரதம் 12 சதவீதம். அதே ஆய்வு 2023-இல் வெளியிட்ட கணக்கில் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி, வரப்போகிற விளிம்பில் இன்னும் 13.6 கோடி. இந்திய சராசரி 11.4 சதவீதம், தமிழ்நாட்டில் 14.4.

இதில் ஒரு கேள்வி எழும். வெள்ளைக்காரன் நூறு கிலோ எடை போட்ட பிறகு வருகிற நோய், ஒல்லியாக இருக்கிற நம் ஆளுக்கு நாற்பதிலேயே ஏன் வருகிறது? புனே பக்கத்துக் கிராமங்களில் டாக்டர் யாஜ்னிக் குழுவினர் 1993-இல் தொடங்கின ஆய்வு ஒரு பதில் சொல்கிறது. அங்கே பிறந்த குழந்தைகள் சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்தில் பிறந்தவை 3.5 கிலோ. ஆனால் எடை குறைந்தது சதையிலும் உறுப்புகளிலும்தான், தோலுக்கு அடியில் கொழுப்பு ஏறக்குறைய அப்படியே இருந்தது. தாய் வயிற்றிலேயே பஞ்சத்துக்குத் தயாராகி, கிடைப்பதைச் சேமிக்கக் கற்றுக்கொண்டு வெளியே வந்த உடம்பு. அந்த உடம்பை எழுபது வருஷத்தில் தினமும் தீபாவளி கொண்டாட வைத்துவிட்டோம். சதை குறைவு, அதனால் சர்க்கரையை வாங்கி வைக்க இடம் குறைவு. தொப்பையில் மட்டும் சேர்கிறது. அப்பத்தா பட்டினிக்கும் மூன்று மாதச் சர்க்கரை அளவைச் சொல்கிற பேரனின் எச்பிஏ1சி ரிப்போர்ட்டுக்கும் இப்படி ஒரு தொடர்பு இருக்கிறது.

வைத்தியத்தில் தமிழ்நாடு கெட்டிதான். 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சுகர் மாத்திரையை வீடு தேடிக் கொண்டுவந்து தருகிறார்கள். அதனால் எனக்கு வியாபாரம் குறைந்தது உண்மை, நல்லதுதான். மாத்திரை வீட்டுக்கு வந்துவிடுகிறது. சாப்பாடு மட்டும் பழையபடி.

எண்ணெயைப் பற்றி ரொம்ப நீட்ட வேண்டாம். பாமாயில் விஷமல்ல. மலிவு, காய்ச்சினால் சீக்கிரம் கெடாது, அதனால் கடைக்காரர்களுக்குப் பிடிக்கிறது. பாதி நிறைகொழுப்பு, அது இதயத்துக்கு ஆகாது. வனஸ்பதியில் இருந்த டிரான்ஸ் கொழுப்பைத்தான் உண்மையான வில்லன் என்று சொல்லலாம். 2022 ஜனவரி முதல் எண்ணெய், வனஸ்பதியில் அது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. மரச்செக்கு எண்ணெய் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மணம் நன்றாக இருக்கிறது, வாங்குங்கள். ஆனால் அதிலும் கிராமுக்கு 9 கலோரிதான். "செக்கெண்ணெய்தானே" என்று கூட ஒரு கரண்டி ஊற்றினால் கணக்கு அதேதான்.

எனக்குப் பரோட்டாவைவிடப் பயமாக இருப்பது பெட்டிக் கடை வாசலில் சரம் சரமாகத் தொங்குகிற அஞ்சு ரூபாய்ப் பொட்டலம். பரோட்டா சாப்பிட்டால் சாப்பிட்டதாக வயிறு சொல்லும். அந்தப் பொட்டலம் அப்படி இல்லை. 2019-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்பவர் 20 பேரை உள்ளேயே தங்கவைத்து ஒரு சோதனை செய்தார். இரண்டு வாரம் பாக்கெட் உணவு, இரண்டு வாரம் சமைத்த உணவு. மேசையில் வைத்த சீனி, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் சமம், வேண்டிய மட்டும் சாப்பிடலாம். பாக்கெட் உணவுக் காலத்தில் சராசரியாக நாளுக்கு 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், சுமார் ஒரு கிலோ ஏறினார்கள். மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கினார்கள். மெல்லவே தேவையில்லாத மாதிரி செய்து வைத்திருக்கிறது, வயிறு நிறைந்தது மூளைக்குப் போய்ச் சேர்வதற்குள் பொட்டலம் காலி. கூல்டிரிங்க் இன்னும் மோசம், 300 மில்லி பாட்டிலில் 30 கிராமுக்கு மேல் சீனி. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஜிகர்தண்டாவும் இதில் பத்தினி இல்லை. ஆனால் அதை யாரும் வீட்டில் கேஸ் கேஸாக வாங்கி ஃபிரிட்ஜில் அடுக்குவதில்லை.

என் கடை அலமாரியிலும் மூன்று தட்டு நிறைய சத்துமாவு டப்பாக்கள் உண்டு. பிள்ளை வளரும், மூளை வளரும் என்று படம் போட்டது. பின்பக்கம் திருப்பினால் பல டப்பாவில் சேர்பொருள் வரிசையில் இரண்டாவது மூன்றாவது இடத்தில் சீனி இருக்கும். சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே கிடையாது, அந்தத் தலைப்பில் விற்காதீர்கள் என்று 2024 ஏப்ரலில் மத்திய அரசு ஆன்லைன் கடைகளுக்குச் சொன்னது. டப்பா மட்டும் என் அலமாரியை விட்டு இறங்கவில்லை, கேட்கிறார்கள். கேட்கிற தாய்மாரிடம் "முட்டை வாங்குங்கக்கா, இந்தக் காசுக்கு ரொம்ப முட்டை வரும்" என்று சொல்வேன். பாதிப் பேர் முறைப்பார்கள்.

அப்புறம் சிறுதானியம். 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டு என்று அறிவித்ததிலிருந்து, அப்பத்தா வெறுத்துச் சாப்பிட்ட குதிரைவாலி கண்ணாடி போட்ட கடையில் அழகான பையில் உட்கார்ந்திருக்கிறது, அரிசியைவிடப் பல மடங்கு விலையில். நல்ல தானியம்தான். ஆனால் பையில் இருப்பதைக் கையில் கொட்டிப் பாருங்கள், வெள்ளைவெளேர் என்று இருந்தால் அதையும் அரிசி மாதிரியே தீட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். நார் போன பிறகு குதிரைவாலிக்கும் அரிசிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சிறுதானிய பிஸ்கெட்டில் முதலில் எழுதியிருப்பது பல சமயம் மைதா. கேப்பைக் கூழை மோரும் வெங்காயமும் போட்டுக் குடித்தது ஒன்று, அதே கேப்பையை நைசாக அரைத்துச் சீனி போட்டுக் கஞ்சியாகக் குடிப்பது வேறொன்று.

நம்பிக்கை தருகிற ஒரு விஷயமும் இந்த ஊரிலேயே இருக்கிறது. 2022 செப்டம்பர் 15-இல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மதுரையில் ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான் தொடங்கியது. முதல் கட்டத்தில் 1,545 பள்ளி. உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய்கறி சாம்பார். பெரிய விருந்தில்லை. ஆனால் வெறும் வயிற்றோடோ, ஒரு டீயும் பன்னும் தின்றுவிட்டோ வந்த பிள்ளைக்குச் சுடச்சுடச் சமைத்தது ஒரு தட்டு, மத்தியானம் முட்டையோடு இன்னொரு தட்டு. இரண்டு வேளையைப் பாக்கெட்டுக்காரனிடமிருந்து பிடுங்கியாகிவிட்டது. யாரும் அந்தப் பிள்ளையிடம் "நாக்கைக் கட்டு" என்று சொல்லவில்லை. நல்லதை நேரத்துக்கு, சும்மா, கண்முன்னால் வைத்தார்கள், சாப்பிடுகிறது.

பெரியவர்கள் தட்டுக்கும் அதே மாதிரி ஒரு கை இருக்கிறது. ரேஷன் கடை. தமிழ்நாட்டில் பஞ்சம் என்ற பேச்சே இல்லாமல் போனதற்கு ரேஷன் முக்கியமான காரணம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. 2011 ஜூனிலிருந்து அரிசி விலையில்லாமலே வருகிறது. நாலு பேர் இருக்கிற குடும்பத்துக்கு மாதம் 20 கிலோ. சீனி தலைக்கு அரைக் கிலோ வீதம் 2 கிலோ. பாமாயில் ஒரு லிட்டர். துவரம் பருப்பு ஒரு கிலோ. பருப்பைப் போல சீனி இரட்டிப்பு. அந்த ஒரு கிலோவை நாலு பேருக்கு முப்பது நாளைக்குப் பிரித்தால் தலைக்கு 8 கிராம். ஒரு நாளைக்குப் பருப்பு பயறு 85 கிராம், தானியம் 250 கிராம் போதும் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் தட்டு. சோறு குன்றாகவும் வெஞ்சனம் ஓரமாகவும் இருக்கிற எங்கள் ஊர்த் தட்டு, ரேஷன் கார்டைப் பார்த்து வரைந்த மாதிரியே இருக்கிறது.

இதை மாற்ற முடியாதா என்றால், முடியும் போலத்தான் தெரிகிறது. 2023-இல் நீலகிரி, தர்மபுரி மாவட்டங்களில் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுத்துப் பார்த்தார்கள். கேழ்வரகுகூட இரண்டாம்பட்சம்தான் எனக்கு. அரிசியில் ஐந்து கிலோவைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் துவரை, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, எதையாவது மூன்று கிலோ போட்டால், ஒரு டயட் சார்ட்டும் இல்லாமல் ஊர் முழுக்க வெஞ்சனம் பெருத்துவிடும். விலை கணக்குப் பார்க்கிற அதிகாரிகள் சிரிக்கலாம். பருப்பு விலையும் அரிசி விலையும் ஒன்றில்லை என்பது எனக்கும் தெரியும். சுகரால் கிட்னி போனவர்களுக்கு ஆகிற டயாலிசிஸ் விலையையும் அந்தக் கணக்கில் ஒரு ஓரத்தில் எழுதிக்கொள்ளட்டும்.

போன மாதம் ரேஷன் வரிசையில் முன்னால் நின்ற அக்காவிடம் இந்த யோசனையைச் சொன்னேன். எங்கள் கடையில் மாதாமாதம் பிரஷர் மாத்திரை வாங்குகிறவர்தான்.

"அஞ்சு கிலோ அரிசியக் கொறச்சுட்டுப் பருப்பு கூடத் தந்தா வாங்குவீங்களாக்கா?"

"வாங்காம? மொதல்ல இந்த ஒரு கிலோவ மாசம் முடியறதுக்குள்ள போடச் சொல்லு தம்பி. அரிசி ஒண்ணாந் தேதியே வந்திருது, பருப்பு வந்துச்சான்னு பாக்க நான் மூணு தடவ நடக்குறேன்."